கழகப் பயிற்றுவிப்பாளரைத் தேசிய ரக்பி அணிக்கு எடுக்குமுன்: தேர்வுக்குழு செய்ய வேண்டிய சோதனைகள்

தேசிய அணி ஒரு தொடரைத் தோற்றுவிட்டு ஊர் திரும்பினால் போதும், இலங்கையில் பழைய சண்டை மறுபடி கிளம்பிவிடும். லீக் கிண்ணம் வென்ற நம்மவர் இருக்க, நியூஸிலாந்திலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் ஏன் ஆள் பிடிக்க வேண்டும் என்பார்கள் ஒரு சாரார். கண்டி நித்தவெலை, கொழும்பு லோங்டன் பிளேஸ் ஆகிய கழக மைதானங்களைத் தாண்டாதவருக்குச் சர்வதேச ஆட்டம் எங்கே பிடிபடப்போகிறது என்பார்கள் மறுசாரார். இரண்டு தரப்பும் கடவுச்சீட்டைத்தான் பார்க்கின்றன. தேர்வுக்குழு விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தான் வளர்க்காத, தான் சேர்க்காத முப்பது வீரர்களை ஒரே வாரத்தில் ஒரே மாதிரி ஆடவைக்க இவருக்குத் தெரியுமா? அதை எப்படிச் சோதிப்பது என்பதே இங்கே. உதாரணங்கள் பெரும்பாலும் பெரிய ரக்பி நாடுகளிலிருந்து வருகின்றன. அளவுகளும் வேலைமுறையும் எட்டுக் கழகங்களும் சிறிய வரவுசெலவும் உள்ள ரக்பி ஒன்றியத்துக்கு (நாட்டின் ரக்பி நிர்வாக அமைப்புக்கு) ஏற்றபடி சொல்லப்பட்டிருக்கின்றன.

கிண்ணங்களை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ஸ்கொட் ரொபர்ட்சன் நியூஸிலாந்தின் குருசேடர்ஸ் அணியோடு 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டில் ஏழு பட்டம் எடுத்தவர். உள்நாட்டுச் சாதனை என்று இதற்குமேல் எவரிடமும் கேட்க முடியாது. நியூஸிலாந்துத் தேசிய அணியான ஓல் பிளாக்ஸ் பொறுப்பை ஏற்ற 2024இல் 14 டெஸ்டில் (நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தில்) 10 வெற்றி, 4 தோல்வி. அடுத்த ஆண்டு வெலிங்டனில், சொந்த மண்ணில், தென்னாபிரிக்காவிடம் 43-10 என்று தோல்வி. அவருக்கு முன்னவர் இயன் ஃபொஸ்டர், சீஃப்ஸ் அணியில் எட்டுப் பருவம் இருந்தும் ஒரு பட்டமும் வெல்லாதவர். ஆனால் தேசிய அணியில் எட்டு ஆண்டு உதவியாளராக இருந்துவிட்டுத் தலைமைக்கு வந்தார்; 2023 உலகக் கிண்ண இறுதியை 12-11 என்று ஒரே புள்ளியில்தான் இழந்தார்.

தென்னாபிரிக்காவைப் பாருங்கள். கிட்ச் கிறிஸ்டி 1993, 1994 இரண்டு ஆண்டும் டிரான்ஸ்வாலுக்கு உள்நாட்டுக் கரி கிண்ணத்தை வென்று கொடுத்தவர். 1994 கடைசியில் தேசிய அணியை ஏற்று 14 டெஸ்டில் 14 வெற்றி. அதற்குள் 1995 உலகக் கிண்ணமும் அடக்கம். ஜேக் வைட்டோ தெற்கு அரைக்கோள அணிகளின் லீக்கான சூப்பர் ரக்பியில் எந்த அணிக்கும் தலைமை தாங்காமலே வந்தவர். அவர் கையில் இருந்தது 2002இல் வென்ற 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம். 2007இல் உலகக் கிண்ணத்தையே எடுத்தார். ஸ்டோர்மர்ஸ் அணியை வருடக்கணக்காக நடத்திய அலிஸ்டர் கோட்ஸி தேசிய அணியோடு 2017இல் அல்பனியில் 57-0 என்று தோற்றார்.

இதிலிருந்து ஒரு சூத்திரத்தைப் பிழிந்தெடுக்கப் பார்க்காதீர்கள். பட்டம் இருந்தும் தடுமாறியவர் உண்டு, இல்லாமல் வென்றவரும் உண்டு. பயிற்றுவித்த அனுபவமே இல்லாமல் ஆளை வைப்பதுதான் விலை கூடிய பரிசோதனை. இங்கிலாந்து 2008இல் மார்ட்டின் ஜோன்சனை அப்படித்தான் வைத்தது. 2011இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் தொடர்ப் பட்டம் வந்தது உண்மைதான். அதே ஆண்டு உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்றதோடு அவர் காலம் முடிந்தது.

அந்த வெற்றியில் அவர் பங்கு எவ்வளவு?

கழகத்தில் ஆள் சேர்க்கலாம். இரண்டாம் வரிசைக்கு உயரம் போதவில்லையா, அடுத்த பருவத்துக்கு ஒருவரைப் பேசி எடுத்துவிடலாம். தேசிய அணியில் அது நடக்காது. உலக ரக்பி அமைப்பின் எட்டாம் ஒழுங்குவிதிப்படி வீரர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தாய் தந்தையோ பாட்டன் பாட்டியோ அங்கு பிறந்திருக்க வேண்டும்; அல்லது தொடர்ந்து 60 மாதம் அந்த நாட்டு ஒன்றியத்தின்கீழ் மட்டுமே பதிவாகியிருக்க வேண்டும்; அல்லது மொத்தம் 10 ஆண்டு அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். முன்பு 36 மாதம் வாழ்ந்தாலே போதுமாயிருந்தது. ஆகவே பணம் கொடுத்து எடுத்த ஒரு ஃபிஜி வீரரின் தோளில் ஏறிக் கிண்ணம் தொட்டவரை அந்த வீரரைக் கழித்துவிட்டுத்தான் எடைபோட வேண்டும்.

எட்டுக் கழகங்கள் ஒன்றையொன்று இருமுறை சந்தித்தால் பருவத்துக்கு 14 ஆட்டம். மூன்று பருவத்துக்கு 42. இந்த 42 ஆட்டங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் நேரே இவற்றைக் குறியுங்கள்:

- அணி எடுத்த புள்ளிகளில் தேசிய அணிக்குத் தகுதியில்லாத வீரர்கள் எடுத்தவை எத்தனை.
- முதல் மூன்று முக்கிய வீரர்களில் யாராவது இல்லாத ஆட்டமா. அப்படியானால் முடிவு என்ன.
- 60ஆவது நிமிடத்துக்குப் பின் எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி.
- எதிரணி முதல் மூன்று இடத்துக்குள் உள்ளதா, வெளியேயா.

கடைசி இரண்டு இடத்து அணிகளை 60-5 என்று நசுக்கிய ஆட்டங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் முப்பது ஆட்டமளவில்தான் இருக்கும். அந்த மனிதரின் உண்மைக் கணக்கு அதில்தான் கிடக்கிறது. 60ஆவது நிமிடத்துக்குப் பிந்திய கணக்கு முக்கியம். உடற்தகுதி, மாற்று வீரர் இறக்கும் நேரம், ஆட்டத் திட்டத்தை நடுவில் திருத்தும் திறன் மூன்றும் அங்கேதான் ஒன்றாகத் தெரியும். அங்கே தொடர்ந்து பின்தங்கும் பயிற்றுவிப்பாளர் முதல் பாதியில் 20 புள்ளி முன்னிலை பெறும் கழகத்தோடு சமாளித்துவிடலாம். ஹொங்கொங்கோடு அந்த முன்னிலை கிடைக்காது.

இதே தாளில் இன்னொரு பக்கம்: அவர் வந்தபோது 20 வயதுக்குட்பட்டவராக இருந்து, அவர் கையில் தேசியக் குழாத்துக்கு ஏறியவர்கள் யார் யார்? பாடசாலையிலேயே நட்சத்திரமாக இருந்து வந்தவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாடசாலைகளுக்கிடையிலான பிரட்பி கேடயத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் ஜொலித்த பையனை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லக் கூடாது. இரண்டாம் தரப் பாடசாலையிலிருந்து வந்து முன்வரிசை வீரரான ப்ரொப்பாகத் தேறிய ஒருவர் இருந்தால், அது நல்ல சாட்சி.

ஒரு கழகத்தின் ஆட்டமுறையும் வீரர்களும் அப்படியே தேசிய அணியின் முதுகெலும்பாக அமைந்தால் கழகப் பயிற்றுவிப்பாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஜோ ஷ்மிட் லெய்ன்ஸ்டருக்கு 2011, 2012 ஐரோப்பியக் கிண்ணங்களை வென்று கொடுத்து 2013இல் அயர்லாந்துக்குப் போனபோது அவருடைய வீரர்களில் பலர் அங்கே ஏற்கனவே இருந்தார்கள். அதைவிட முக்கியம், அயர்லாந்தில் முன்னணி வீரர்களின் ஒப்பந்தம் ஒன்றியத்தின் கையிலேயே இருக்கிறது. 2016இல் சிகாகோவில் நியூஸிலாந்தை 40-29 என்று வரலாற்றில் முதல் முறையாக வென்றதும், 2018 ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டத்தையும் வென்ற கிராண்ட் ஸ்லாமும் அந்த அடித்தளத்தில் எழுந்தவை. மறுபுறம் வெய்ன் பிவாக் ஸ்கார்லெட்ஸ் அணியோடு 2017இல் லீக் வென்று வேல்ஸுக்கு வந்தார். 2021இல் ஆறு நாடுகள் பட்டமும் எடுத்தார். ஆனால் 2022இல் கார்டிஃபில் இத்தாலியிடமும் ஜோர்ஜியாவிடமும் தலா ஒரு புள்ளியில் தோற்று விடைபெற்றார். ஸ்கார்லெட்ஸில் ஓடிய திறந்த ஆட்டம் வேல்ஸில் நிலைக்கவில்லை. கண்டியைப் போல ஒரு கழகம் நீண்ட காலம் லீக்கை ஆளும் நாட்டில், அந்தக் கழகத்தின் பயிற்றுவிப்பாளருக்கு இந்த முன்கை இருக்கும். அது அவருடைய திறமையா அணியின் வசதியா என்பதை மேலே சொன்ன தாள் காட்டிக்கொடுக்கும்.

ஒரு வாரத்தில் என்ன செய்ய முடியும்

கழகப் பயிற்றுவிப்பாளருக்குப் பருவத்துக்கு முன்னரே பத்து வாரம் கிடைக்கும். தேசியப் பயிற்றுவிப்பாளருக்கு ஆட்ட வாரம்தான் எல்லாமே. சனிக்கிழமை டெஸ்ட் என்றால் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் போகும். ஞாயிறு இரவு வீரர்கள் கூடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் முந்தைய நாள் கழகத்துக்கு ஆடிய வலியோடு வருவார்கள். திங்கள் நடைப்பயிற்சியும் காணொளியும். செவ்வாய் பெரிய பயிற்சி, 60 முதல் 70 நிமிடம். புதன் ஓய்வு. வியாழன் குறுகிய, வேகமான பயிற்சி, 45 நிமிடம். வெள்ளி அணித்தலைவர் நடத்தும் இறுதி ஒத்திகை. மூன்று வாரத் தொடர் ஒன்றில் புல்தரையில் உருப்படியாகக் கிடைப்பது ஆறு மணித்தியாலத்துக்குள்தான்.

அதிலும் மோதல் பயிற்சிக்கு வரம்பு உண்டு. உலக ரக்பி 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி முழு மோதல் வாரத்துக்கு 15 நிமிடம், கட்டுப்படுத்திய மோதல் 40 நிமிடம், எதிரணி வைத்து ஸ்கிரம் (முன்கள வீரர்கள் பிணைந்து தள்ளுவது), லைன்அவுட் (பக்கக்கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு வரிசையாக நின்று குதிப்பது) பழகுவது 30 நிமிடம். முழு மோதலை இரண்டு நாளுக்கு மேல் பரப்பக் கூடாது; திங்களும் வெள்ளியும் அது அறவே கூடாது. செவ்வாய் தோறும் முப்பது நிமிடம் மோதவைத்துத்தான் டேக்கிள் (எதிரியைப் பிடித்து வீழ்த்துவது) கற்றுக்கொடுப்பேன் என்பவர் இந்த வேலைக்கு ஆகாதவர். அவருக்கு வரும் வீரருக்கு டேக்கிள் ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும். அவர் வேலை, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பது, எப்போது முன்னேறுவது என்பதைச் சரிசெய்வது.

பிழைகள் எங்கே வரும் என்பதையும் பார்த்துவிடுவோம். லைன்அவுட்டை எடுங்கள். ஒவ்வொரு கழகத்துக்கும் தனி அழைப்பு மொழி. ஒரு கழகத்தில் வரிசையின் முன்பக்கப் பந்தைக் குறிக்கும் எண் இன்னொன்றில் பின்பக்கத்தைக் குறிக்கும். பயிற்சியில் எல்லாம் சரியாக இருக்கும். 62ஆவது நிமிடம் பந்தை எறியும் ஹூக்கர் மாறுவார். வருபவர் வேறு கழகத்துக்காரர். களைப்பில் பழைய பழக்கம் தலைதூக்கும். பந்து முன்னால் போகும், குதிப்பவர் பின்னால் ஏறியிருப்பார். எதிரணி பந்தை எடுத்து நேராக ஓடும். இதற்கு மருந்து அழைப்பைக் குறைப்பதுதான். கழகத்தில் இருபதுக்கு மேல் அழைப்பு வைத்திருப்பவர் முதல் டெஸ்டுக்கு ஏழு பேர் வரிசையில் ஐந்து, ஐந்து பேர் வரிசையில் மூன்று, அவசரத்துக்கு ஒன்று என ஒன்பதோடு நிறுத்த வேண்டும். அந்த ஒன்பதையும் இரண்டு ஹூக்கர்களும் ஒரே அளவு எறிந்து பழக வேண்டும். பொதுவாக முதல் ஹூக்கருக்கே எல்லா எறிதலும் போய்விடும். மாற்று ஹூக்கருக்குக் குறைந்தது 40 சதவீதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தற்காப்பில் இன்னொரு விரிசல். பின்கள நடுவில் அருகருகே நிற்கும் இருவரில் உள் சென்டர் பொறுத்துநின்று எதிரியைப் பக்கக்கோட்டை நோக்கித் தள்ளும் முறையில் வளர்ந்தவர். வெளி சென்டர் பாய்ந்து ஏறி அடைக்கும் முறையில் வளர்ந்தவர். இருவரும் தனித்தனியே நல்ல தற்காப்பாளர்கள். சேர்ந்தால் வரிசையில் முழங்கால் மடிந்த மாதிரி ஒரு கோணல் விழும், எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் ஃபிளை ஹாஃப் கண்ணை மூடிக்கொண்டு அங்கே பந்தை விடுவார். மூன்று நாளில் இருவரையும் மாற்ற முடியாது. ஒரே கழகத்து இருவரை அங்கே போடுவது, அல்லது வரிசை முழுவதற்கும் ஒரு முறையை அறிவித்து ஒருவரை வெளியே விடுவது, இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும். அந்த முடிவை வியாழன் வரை தள்ளிப்போடுபவர் கழகப் பழக்கத்திலேயே இருக்கிறார்.

நடுவர் மாறும்போது

உள்நாட்டு நடுவர்களை வீரர்களுக்குத் தெரியும், பயிற்றுவிப்பாளருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். டேக்கிள் போட்டவர் உருண்டு விலக அரை நொடி கூடுதலாக எடுத்தாலும் இங்கே பலர் விட்டுவிடுவார்கள். ஆசியத் தொடரில் வரும் நடுவர் விடமாட்டார். 12ஆவது நிமிடத்தில் மூன்றாவது பெனால்டி, 20ஆவதில் மஞ்சள் அட்டை. வேட்பாளரின் அணி வெளிநாட்டு நடுவர் ஊதிய ஆட்டங்கள் ஏதாவது ஆடியிருந்தால் அவற்றைத் தனியே எடுத்துப் பெனால்டிகளை எண்ணுங்கள். ஆட்டத்துக்குப் பத்துக்குள் இருந்தால் நல்லது. பதினான்கைத் தாண்டினால் அவருடைய பிரேக்டவுன் (டேக்கிளுக்குப் பின் பந்துக்கான போட்டி) பழக்கத்தை யாராவது திருத்த வேண்டியிருக்கும். அப்படி ஆட்டமே இல்லை என்றால் கடைசி ஆறு கழக ஆட்டங்களின் காணொளியை வெளிநாட்டு நடுவர் ஒருவரிடம் கொடுத்து, தான் ஊதியிருக்கக்கூடிய இடங்களைக் குறிக்கச் சொல்லலாம். செலவு அதிகமில்லை. கிடைக்கும் பட்டியல் பல தேர்வுக்குழுக் கூட்டங்களைவிடப் பெறுமதியானது.

இரண்டு நாள் சோதனை

நேர்காணலில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். இரண்டு நாள் வேலை கொடுங்கள். மூன்று பேருக்கு மேல் அழைக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே நேரம்.

முதல் நாள் காலை, அவர் இதுவரை பார்த்திராத ஒரு ஆசிய அணியின் இரண்டு முழு ஆட்டங்களைக் கொடுங்கள். நான்கு மணித்தியாலம். மாலையில் அவர் கொண்டுவர வேண்டியது ஒரு பக்கம் மட்டும்: எதிரணி எங்கிருந்து புள்ளி எடுக்கிறது, எங்கே பலவீனம், நம் அணி செய்ய வேண்டிய மூன்று காரியங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் மதிப்பெண் வெட்டுங்கள். வீரர் நினைவில் மூன்றுதான் நிற்கும். கழக லீக்கில் அதே ஏழு அணிகளை ஆண்டுதோறும் பார்ப்பவருக்கு இது உண்மையிலேயே கடினமான பயிற்சி. அங்கே அவர் எதிரணியின் ஃபிளை ஹாஃபைப் பாடசாலைக் காலத்திலிருந்தே அறிவார். இங்கே முன்பின் தெரியாத முகங்களை வாசிக்க வேண்டும். உதவிக்கு ஒரு பகுப்பாய்வாளரைக் கொடுங்கள். அவரை எப்படி வேலை வாங்குகிறார் என்பதும் கவனிக்க வேண்டியதுதான்.

பிற்பகல், 40 பெயர் கொண்ட பட்டியலிலிருந்து 23 பேரைத் தேர ஒரு மணித்தியாலம். பட்டியலில் கண்ணிகள் வையுங்கள். ஒருவர் 60 மாதம் நிரப்பாதவர். இரண்டாம் ஹூக்கர் காயம். பாதுகாப்புப் படைக் கழகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு விடுப்பு அனுமதி இன்னும் வரவில்லை. 23 பேரில் ஸ்கிரம்மின் முன்வரிசையில் (ப்ரொப், ஹூக்கர் இடங்களில்) ஆடப் பயிற்சி பெற்றவர் ஆறு பேர் இருந்தாக வேண்டும் என்பது விதி. இதை மறந்து இரண்டு மாற்று ப்ரொப்புகளை மட்டும் எழுதிவிட்டுப் பின்வரிசை வீரரைக் கூட்டியவரை அப்போதே திருத்திவிடாதீர்கள், குறித்துவையுங்கள். மாற்று எட்டுப் பேரில் எத்தனை பேர் முன்கள வீரர் என்றும் கேளுங்கள். தென்னாபிரிக்கா 2023 இறுதியாட்டத்தில் ஏழு முன்கள வீரர், ஒரே ஒரு பின்கள வீரர் என்று வைத்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதுபவரிடம், உங்கள் சிறகு வீரர் ஐந்தாவது நிமிடம் விழுந்தால் யார் போவார் என்று கேளுங்கள். அங்கே தென்னாபிரிக்காவிடம் பல இடத்தில் ஆடக்கூடியவர்கள் இருந்தார்கள்; உங்களிடம் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

அன்று மாலை நிறுத்திப் பார்க்கும் சோதனை. ஒரு ஆட்டக் காணொளியை 23, 55, 72ஆவது நிமிடங்களில் நிறுத்துங்கள். 72இல் மூன்று புள்ளி பின்னால், 35 மீற்றரில் பெனால்டி: கம்பத்துக்கு உதைத்து மூன்று புள்ளியா, மூலைக்கு உதைத்து லைன்அவுட்டா? எதைச் சொன்னாலும் பரவாயில்லை. உதைப்பவரின் அன்றைய கணக்கு, அன்று லைன்அவுட் எத்தனை கிடைத்தது, எதிரணியில் யார் அட்டையில் இருக்கிறார் என்று கேட்காமலேயே விடை சொல்பவரைத்தான் தவிர்க்க வேண்டும். 23இல் உங்கள் ஃபிளை ஹாஃபுக்குத் தலையில் அடி. தலைக்காயப் பரிசோதனைக்கு 12 நிமிடம் தற்காலிக மாற்று உண்டு. ஆனால் அது அனுமதி பெற்ற போட்டிகளில், பயிற்சி பெற்ற மருத்துவரோடு மட்டும். அந்த ஏற்பாடு இல்லாத மைதானத்தில் சந்தேகம் வந்தாலே வீரர் வெளியே, அன்று திரும்ப முடியாது. இதைத் தயங்காமல் சொல்லாதவருக்கு மற்ற மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள் புல்தரை. குறைந்தது ஐந்து கழகங்களிலிருந்து 26 வீரர்கள். அவருடைய கழகத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. 50 நிமிடம். இலக்கை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒன்பது லைன்அவுட் அழைப்பு, ஒரு தற்காப்பு முறை, ஒரு உதைத் திட்டம். ஓரத்தில் இருவர் நிறுத்துக்கடிகாரத்தோடு நிற்கட்டும். ஒருவர் வீரர்கள் நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தை அளப்பார், மற்றவர் பயிற்றுவிப்பாளர் பேசும் நேரத்தை. பேச்சு 50இல் 12 நிமிடத்தைத் தாண்டினால் திட்டம் தெளிவில்லை என்று அர்த்தம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, கழகங்கள் கலந்து வீரர் ஆறு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு ஒரே மூன்று கேள்வி கேளுங்கள்: நம் வரிசை எப்போது ஏறும், நம் 22 மீற்றருக்குள் பந்து கிடைத்தால் என்ன, ஒன்பது அழைப்பில் உங்களுக்கு வேலையுள்ளவை எவை. ஆறில் ஐந்து பேர் ஒரே விடை சொன்னால் அவர் வேலை தெரிந்தவர். மூன்று பேர் மட்டும் சொல்லி, அந்த மூவரும் அவருடைய கழகத்துக்காரராக இருந்தால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

மொழியையும் கவனியுங்கள். உள்நாட்டவருக்கு உள்ள பெரிய வலிமை இதுதான்: சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பேசி, ஒரு பையன் ஏன் தலையைக் குனிகிறான் என்று புரிந்துகொள்வார். வெளிநாட்டவருக்கு முதல் ஆறு மாதம் அது கிடைக்காது. இதற்கு மதிப்பெண் தாளில் இடம் கொடுக்காத குழுக்கள் உண்டு, அது தவறு.

சான்றிதழ்

உலக ரக்பியின் பயிற்றுவிப்பாளர் தரம் மூன்று படி. இரண்டாம் படி இல்லாதவரைப் பரிசீலிக்க வேண்டாம். மூன்றாம் படி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நியமித்த பிறகு முடிக்க வைக்கலாம். முதலுதவி, தலைக்காயப் பாடங்கள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு மேல் காகிதத்தில் நேரம் செலவிட ஒன்றுமில்லை.

இரட்டைப் பதவி

சம்பளம் போதாது என்று கழகப் பொறுப்பையும் வைத்துக்கொண்டு தேசிய அணியையும் பார்க்கட்டும் என்பார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். தன் கழகத்து வீரரை எடுத்தால் பாரபட்சம் என்பார்கள். எடுக்காமல் விட்டால் பழி வந்துவிடக்கூடாதென்று நல்ல வீரரைக் கைவிட்டார் என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கவும் கூடும். தவிர்க்கவே முடியாவிட்டால் குறைந்தபட்சம் தேர்வில் அவருக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுங்கள், அவர் கழகத்து வீரர் பற்றிய விவாதத்தில் அந்த வாக்கும் இல்லை என்று எழுத்தில் வையுங்கள். லீக் முடிந்து முகாம் தொடங்கும் நாள் முதல் கழகத்தில் கால் வைக்கக் கூடாது.

இலங்கையில் இன்னொரு படியும் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்கீழ் தேசியக் குழாத்துக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். கழகத்தில் வியாழன் இரவு பெயரை மாற்றிப் பழகியவருக்கு இது எரிச்சல் தரும். குழாத்தை எந்தத் திகதிக்குள் அனுப்ப வேண்டும், காயத்துக்கு மாற்று வீரரை எப்படிச் சேர்ப்பது என்ற நாட்காட்டியை முதல் நாளே கையில் கொடுங்கள். படைக் கழக வீரர்களின் விடுப்புக் கடிதங்களும் அதே நாட்காட்டியில் ஏறட்டும். அவரே ஒவ்வொரு முகாமாக அலைந்தால் பயிற்சிக்கு நேரமிருக்காது. இதற்கு ஒரு அணி முகாமையாளர் தேவை.

இன்னும் தயாரில்லை, ஆனால் ஆள் நல்லவர்

பெரும்பாலான உள்நாட்டு வேட்பாளர்கள் இந்த வகுப்பில்தான் வருவார்கள். இவர்களை நிராகரித்துவிட்டு வெளிநாட்டவரை எடுத்து, அவர் போனதும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதுதான் சிறிய ஒன்றியங்களின் நிரந்தர நோய். ஃபொஸ்டர் எட்டு ஆண்டு உதவியாளராக இருந்ததைப்போல இவருக்கும் ஒரு படிக்கட்டு போடுங்கள். வெளிநாட்டவரை இரண்டு ஆண்டுக்கு எடுத்தால், உள்நாட்டவரை முன்கள அல்லது தற்காப்புப் பயிற்றுவிப்பாளராக முழுநேரம் அமர்த்துங்கள். பந்து பொறுக்கும் உதவியாளர் வேலை வேண்டாம். தனக்கென ஒரு துறை, தன் பெயரில் ஒரு கணக்கு. 20 வயதுக்குட்பட்டோர் அணியை அவரிடமே கொடுங்கள். வைட்டின் பாதை அதுதான்.

பணமும் ஆட்டமும் கிடைத்தால் இடைநிலை அணி ஒன்று இன்னும் நல்லது. ஆர்ஜென்டினா ஜகுவாரெஸ் அணியையும் ஜப்பான் சன்வுல்வ்ஸ் அணியையும் 2016இல் சூப்பர் ரக்பியில் இறக்கின. மரியோ லெடெஸ்மா 2018இல் ஜகுவாரெஸிலிருந்து நேரே தேசிய அணிக்குப் போனார். ஜேமி ஜோசஃப் ஜப்பான் அணியை நடத்திக்கொண்டே 2018இல் சன்வுல்வ்ஸையும் பார்த்தார். அடுத்த ஆண்டு ஜப்பான் முதல் முறையாக உலகக் கிண்ணக் காலிறுதிக்குப் போனது. அந்த அளவுக்குச் செலவழிக்க முடியாத ஒன்றியம் கழகங்களிலிருந்து கலவையாக ஒரு அணியை ஆண்டுக்கு நான்கு ஆட்டமாவது வெளிநாட்டில் ஆடவைக்கலாம். நான்கும் வெவ்வேறு எதிரணியாக இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

காலம் இரண்டு தகுதிகாண் சுற்று, அல்லது உலகக் கிண்ணச் சுழற்சி. ஆறு மாத ஒப்பந்தம் கொடுத்தால் அவர் ஆறு மாதத்துக்கு ஆடும் 32 வயது வீரர்களைத்தான் எடுப்பார். மதிப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை, முன்பே எழுதிய அளவுகோலில். நியூஸிலாந்து 2007 காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்றபின் கிரஹாம் ஹென்றியை நீக்காமல் வைத்தது. குருசேடர்ஸோடு அடுக்கடுக்காய்ப் பட்டம் வென்றிருந்த ரொபி டீன்ஸ் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். ஹென்றி 2011இல் 8-7 என்று பிரான்ஸையே வென்று கிண்ணம் தூக்கினார். அன்று நாடே டீன்ஸைத்தான் கேட்டது. ஒன்றியம் தன் மதிப்பீட்டை நம்பியது.

நியமிப்பதும் நீக்குவதும் யார் கையில் என்பது ஒரே வரியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும். 2023இல் உலக ரக்பி இலங்கை ஒன்றியத்தை இடைநிறுத்தியதே வெளித் தலையீட்டினால்தான்; பயிற்றுவிப்பாளர் ஒப்பந்தம் அப்படியொரு தலையீட்டுக்கு நுழைவாயிலாகக் கூடாது. உதவியாளர்களை அவரே தேர்வார், ஆனால் பகுப்பாய்வாளரும் உடற்தகுதிப் பயிற்சியாளரும் ஒன்றியத்தின் ஊழியர்களாகவே இருப்பார்கள், அவரோடு போய்விடமாட்டார்கள். காணொளிகள், அழைப்புப் பட்டியல், ஜிபிஎஸ் அளவுகள், காயப் பதிவேடு எல்லாம் ஒன்றியத்தின் சேமிப்பகத்தில், ஒவ்வொரு தொடர் முடிந்து 14 நாளுக்குள். கடைசித் தவணைச் சம்பளத்தை அந்தக் கையளிப்போடு கட்டிவையுங்கள்.